பாதிச் சொல்

கேள்வி கேட்டும் ஒரு பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்றால், ஒன்று அதற்குப் பதில் தெரியவில்லை. இல்லையென்றால் கேள்வி விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துப் பழகிய பவுல்ராஜ், இந்த இரண்டைத் தாண்டி இன்னொரு காரணம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. சொந்த மகள் பூமாரியே அந்த இன்னொரு காரணமாக வந்து நின்றாள்.

பூமாரிக்குப் பதிலெல்லாம் தெரியும். வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டே, மலையாளப் புத்தகத்தில் இருக்கும் கேள்வி பதிலை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். அர்த்தமும் தெரியும். ஆனால் கோவிலில் சிஸ்டர் எழுப்பி நிறுத்தினால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். கண் மட்டும் தரையில் எதையோ தேடும்.

கேரளத்துச் சூரியநெல்லிக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் கடைசி டிவிஷனில் இருந்தது அந்தக் கோவில். தகரக் கூரை. மழை வந்தால் பிரசங்கம் நின்றுவிடும். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்னெல்லாம் பூசை இலத்தீனில் நடந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, அதனால் யாருக்கும் மனவருத்தமும் இல்லை. பிறகு அவரவர் பாஷையில் பூசை வைக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தது. அவரவர் பாஷை என்று மேலே சொன்னது மலைக்கு வந்து சேர்ந்தபோது மலையாளமாகிவிட்டது. அதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. சாமியார் மலையாளி, மடம் மலையாள மடம், அச்சடித்து வந்த வேதபாடப் புத்தகமும் மலையாளம். கொழுந்து பறிக்கிறவர்கள்தான் தமிழர்கள்.

வேதபாடம் சொல்லித்தர மடத்திலிருந்து சிஸ்டர் பெனிட்டா ஜீப்பில் வருவார். பாலாப் பக்கத்துப் பெண். சின்ன வயது, சிரித்த முகம், பிள்ளைகள் மேல் கொள்ளைப் பிரியம். அவர் மலையாளத்தில் கேட்க, பக்கத்தில் நின்று பவுல்ராஜ் தமிழில் விளக்குவார். விளக்குவது என்றால் அவருக்குக் கரும்பு. வாரநாளெல்லாம் ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டில் பரத்தி, அடியிலிருந்து காற்று விட்டு, அதிலுள்ள ஈரத்தைப் பாதியாவது இறக்க வேண்டும். வாடாத இலையை உருளையில் போட்டால் நொறுங்கிப்போகும். வாடின இலைதான் வளைந்து சுருளும், சுருண்டால்தான் சாறு வெளியே வரும், சாறு வந்தால்தான் வாசம். "அதுனாலதான் தவக்காலம்" என்பார் பிள்ளைகளிடம். "மனுசனும் வாடணும்லே. வாடாதவன ஆண்டவரு உருட்டுனா ஒடஞ்சிபோவான்." சிஸ்டருக்கு இதைத் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாற்றிச் சொன்னபோது அவர் கைதட்டிச் சிரித்தார்.

பூமாரியின் பெயரிலும் ஒரு விளக்கம் உண்டு. பவுல்ராஜின் மனைவி குருவம்மாள் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினவள். போடிப் பக்கத்திலிருக்கும் பிறந்த வீடு இன்றைக்கும் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற வீடு. பிள்ளை பிறந்ததும் பூமாரி என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அப்போதிருந்த சாமியார் 'மாரி' என்பதை 'மரி' என்று கேட்டுக்கொண்டு, மாதாவின் பெயர், பேஷ் என்று தண்ணீர் ஊற்றிவிட்டார். அம்மனுக்கும் மாதாவுக்கும் ஒரே பெயரில் கணக்குத் தீர்ந்தது. ஒரு சொல்லை இரண்டு காது இரண்டு விதமாகக் கேட்டதால் அன்றைக்கு நன்மைதான் விளைந்தது.

இப்போது அந்தப் பூமாரிக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டிய வயது. பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு சாமியாரே வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பதில் சொல்கிற பிள்ளைக்கு வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, நாக்கில் அப்பம். சொல்லாத பிள்ளை இன்னொரு வருஷம் பெஞ்சியில் உட்காரும். குருவம்மாளின் அண்ணன் மொக்கையன் தங்கச்சியைப் பார்க்க வரும்போதெல்லாம் இதையே குத்திக் காட்டுவான்.

"நம்ம ஆத்தாவ விட்டுட்டு வந்தியே. அந்தச் சாமியாவது ஒம்மவளப் பந்தியில ஒக்கார வைக்குதான்னு பாப்போம்."

"எல்லாம் வைக்கும். நீ வந்து பாரு" என்று குருவம்மாள் சொல்லி வைத்திருந்தாள். வெள்ளைக் கவுனும் தைத்து வைத்தாயிற்று.

விஷயம் வெளிப்பட்டது காற்றால். அன்றைக்குக் கோவிலின் பின்கதவு கொண்டி கழன்று படபடவென்று அடித்தது. சிஸ்டர், "பவுலே, அதொந்நு பிடிக்காமோ?" என்றார். பவுல்ராஜ் பின்னால் போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். இத்தனை நாளும் அவர் முன்வரிசைக்கும் முன்னால் நின்றவர். அங்கிருந்து கேட்டால் தகரக் கூரையில் எல்லாச் சத்தமும் கலங்கித்தான் வரும். பின்னால் நின்றபோதுதான் பின்பெஞ்சியின் சத்தம் தெளிவாக விழுந்தது.

"மோளே பூமாரி, பற" என்றார் சிஸ்டர்.

பின்பெஞ்சியில் ஒரு பையன் இருமினான். முன்னால் இருப்பவர்களுக்கு அது இருமல். பின்னால் நிற்பவருக்கு அது இருமலுக்குள் பொதிந்த ஒரு சொல்: "ச்சி."

பவுல்ராஜுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. சிஸ்டர் மறுபடி, பயப்படாதே என்று, "பேடிக்கண்டா. பற" என்றார். மறுபடி இருமல். "ச்சி." பக்கத்திலிருந்த இரண்டு பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பிடிபட்டபோது பவுல்ராஜின் காது சுட்டது. மலையாளத்தில் 'பற' என்றால் 'சொல்' என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. சிஸ்டர் அந்த முதல் பாதியை அன்போடு கொடுக்கிறார். பையன்கள் மீதிப் பாதியை இருமலில் கொடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால், பவுல்ராஜின் ஆத்தாளை ஊரில் மேலத்தெருக்காரர்கள் கூப்பிட்ட சொல் வந்துவிடுகிறது. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு! பாதிச் சொல் சொன்னதற்கு யாரைப் பிடித்துக் கேட்க முடியும்? சிஸ்டர் பாடம்தான் நடத்துகிறார். பையன் இருமத்தான் செய்தான். முழுச்சொல் எங்கேயும் சொல்லப்படவில்லை. அது பூமாரியின் காதில் மட்டும்தான் ஒட்டுகிறது.

இருமியவன் மிக்கேல்ராஜ், மேல் லயத்து வரிசைவீட்டுக் கங்காணி பெரியமுத்துவின் மகன். பெரியமுத்துவின் அப்பனும் பவுல்ராஜின் அப்பனும் தெற்கே ஒரே ஊரில், ஒரே தெருவிலிருந்து, ஒரே நாளில் மலையேறினவர்கள். கங்காணி வேலை கிடைத்து மேல் லயத்துக்குப் போனதும் பெரியமுத்து தன் சாதியை மாற்றிச் சொல்லிக்கொண்டான். சொந்த ஊர்க்காரர் வேறு யாரும் அந்த டிவிஷனில் இல்லை. பவுல்ராஜ் ஒருவர்தான். அவரும் இத்தனை வருஷம் வாய் திறந்ததில்லை. பிழைத்துப் போகட்டும் என்று விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார். "ஏட்டி, அந்தப் பய இருமுததுதான் காரணமா?"

பூமாரி அடுப்பையே பார்த்தாள். "அவன் மட்டும் இல்லப்பா. எல்லாரும் இருமுதானுவ. கொழாயடியில தண்ணி பிடிக்கப் போனாலும் இருமுதானுவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இருமுதானுவன்னு போயி எப்படிப்பா சொல்ல?"

குருவம்மாள் அகப்பையைச் சட்டியில் ஓங்கித் தட்டினாள். "எல வாடுதது, சுருளுதது, மணக்குததுன்னு ஊருக்கே வெளக்கஞ் சொல்லுதீயல்லா? இத அந்தம்மாட்ட போயி வெளக்குங்க."

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க. நாம என்ன திருடியா வச்சிருக்கோம்?"

உள்ளதைச் சொல்லத் தைரியம் வருவதற்குப் பவுல்ராஜுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, வேலை விட்டதும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மடத்துக்கு இறங்கினார். சிஸ்டர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பாலில்லாத கட்டன்காப்பி கொடுத்தார். பவுல்ராஜ் தனக்குத் தெரிந்த மலையாளத்தைத் தமிழோடு கலந்து, தனக்குத் தெரிந்த முறையில், ஆரம்பத்திலிருந்து விளக்கினார்.

முதலில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே வேர்தான் என்றார். பழைய தமிழிலும் பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்கு ஒரு சேதியைச் சொல்ல அடித்த மேளம் பறை. அதை அடித்தவனுக்கு அதுவே பெயராயிற்று. பெயர் சாதியாயிற்று, சாதி வசவாயிற்று. "நிங்ஙட மலையாளத்தில அந்தச் சொல்லு இப்பவும் உசிரோட இருக்கு சிஸ்டர். ஒரு நாளைக்கு நூறு தடவ எல்லாரும் சொல்லுதீய, அதுனால அதுல அழுக்கு ஒட்டல. எங்க தமிழ்ல சொல்லுததுங்கற அர்த்தம் செத்துப்போச்சி. வசவு மட்டும் சாகாம கெடக்கு."

சிஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்றெ ஈஸோயே! ஞான் அங்ஙனெ ஓர்த்ததே இல்லல்லோ." அப்படி ஒன்று அவர் மனதில் தட்டுப்பட்டதே இல்லை; அது சத்தியம். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "சபையில் ஜாதி இல்லல்லோ பவுலே" என்றார், கேள்வி போலவும் இல்லாமல் பதில் போலவும் இல்லாமல்.

"தமிழ்ல சொல்லுன்னு சொன்னாப் போதும் சிஸ்டர். பிள்ளைகளுக்கு வெளங்கும்."

"சொல்லு" என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். "சொல்லு. சொல்லு. ஷெரியாணோ?"

"சரிதான் சிஸ்டர்."

"ஏதொக்கெ குட்டிகளாணு? எனிக்கு அறியண்டே?" எந்தெந்தப் பிள்ளைகள் என்று தனக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார்.

பவுல்ராஜ் பெயர்களைச் சொன்னார். எந்தப் பிள்ளைகள் மனம் நோகின்றன என்று தெரிந்தால் தலையைத் தடவி ஒரு ஆறுதல் சொல்வார் என்று நினைத்துத்தான் சொன்னார். பூமாரி. அழகுத்தாயின் மகன். கீழ் லயத்துச் சோலையின் இரண்டு பிள்ளைகள். பிச்சைமணியின் பேத்தி. அவ்வளவுதான் என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் விளக்குகிறவனுக்கு ஒன்றை விட்டுவிட்டால் முழுவதுமே தப்பாகிவிட்டது போல இருக்கும்.

"பெறவு, மிக்கேல்ராஜும் அதேதான். அவங்க வீட்டுல சொல்லிக்கிட மாட்டாவ."

விளக்கம் குறைபடக் கூடாது என்றுதான் சொன்னோம் என்று மலையேறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேடு முடிவதற்குள், அது மட்டும் காரணமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மழை இல்லை. கோவில் நிறையப் பிள்ளைகள். சிஸ்டர் புத்தகத்தைத் திறந்தார். "தெய்வம் ஆராகுந்நு?" கடவுள் யார் என்ற முதல் கேள்வி.

முதலில் சூப்பர்வைசர் மகளைக் காட்டி, "மோளே, பற" என்றார். அவள் சொன்னாள். பவுல்ராஜுக்குச் சுருக்கென்றது. பழக்கத்தில் வந்துவிட்டது போல, போகட்டும் என்று நினைத்தார். அடுத்தவனையும் "பற" என்றார். அவன் சொன்னான். பிறகு சிஸ்டரின் முகம் தனியாக ஒரு முறை மலர்ந்தது. குரலைக் குழைத்து, "மோளே பூமாரி... சொல்லு" என்றார்.

பூமாரி நிமிர்ந்தாள். இருமல் வரவில்லை. இருமுவதற்கு இடமே இல்லையே! கணீரென்று பதிலைச் சொன்னாள், ஒரு எழுத்து தப்பவில்லை. வாசலுக்கு வெளியே காத்திருந்த பெண்களுக்குள் நின்ற குருவம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சிஸ்டருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். கேள்விகள் வேகமாகப் போயின. மேல் லயத்துப் பிள்ளைக்குப் பற. சோலையின் மகளுக்குச் சொல்லு. கணக்கப்பிள்ளை மகனுக்குப் பற. அழகுத்தாயின் மகனுக்குச் சொல்லு. வேதபாடப் பரீட்சை மலையாளத்தில்தான் நடக்கும். அதனால் மற்றப் பிள்ளைகளுக்கு மலையாளம் பழக வேண்டும், இந்தப் பாவப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் மனம் நோகக் கூடாது. இப்படித்தான் சிஸ்டர் யோசித்து வைத்திருந்தார். வாரம் பூராவும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லைப் பழகியதும் அதற்காகத்தான்.

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் விளங்க நாளாகும். இது விளங்க நாளாகவில்லை. பூமாரிக்கு, சோலையின் மகளுக்கு, அழகுத்தாயின் மகனுக்கு. மூன்றாவது 'சொல்லு' விழுந்தபோதே பின்பெஞ்சியில் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நாலாவதுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் சிஸ்டர் பின்பெஞ்சிக்குத் திரும்பி, அதே குழைவோடு, "மோனே மிக்கேல்ராஜே, சொல்லு" என்றார்.

மிக்கேல்ராஜ் எழுந்து நின்றான். முதலில் அவனுக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் அவனோடு சேர்ந்து இருமிய பையன் பெஞ்சியில் மெல்ல நகர்ந்து, ஒரு ஆள் உட்காருகிற இடத்தை நடுவில் விட்டான். அந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் மிக்கேல்ராஜுக்கு விளங்கியது. அவன் முகத்தைப் பவுல்ராஜ் பார்த்தார். பூமாரியின் கண்ணைப் போலவே அவன் கண்ணும் தரையில் எதையோ தேடியது.

மறுநாள் பெரியமுத்து ஃபேக்டரி மாடிக்கே ஏறி வந்தான். கத்துவான், கைநீட்டுவான் என்று பவுல்ராஜ் எதிர்பார்த்தார். அவன் சாக்குத் தட்டுகளுக்கு நடுவில் வந்து நின்று மெதுவாகத்தான் பேசினான்.

"ஏம்வே பவுலு, ஒம்ம மவள எம்மவன் பேசுனான்னா எங்கிட்ட வந்திருக்கலாம்லா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் தோல உரிச்சிருப்பேன்."

"பிள்ள படுத பாட்டப் பாத்து..."

"நம்ம அப்பனுவ மலையேறுனதே அந்தத் தெருவ விட்டு ஓடத்தான்வே. நீரு அத முதுகுல சொமந்துட்டு வந்து கோயிலுக்குள்ள எறக்கிட்டீரே."

பவுல்ராஜ் கையிலிருந்த கொழுந்தைத் தட்டில் பரத்தினார். பரத்தினதையே மறுபடி பரத்தினார். மறு வாரமே பெரியமுத்து மகனை எங்கோ கீழே, மனைவியின் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

குழாயடியில் இப்போது யாரும் இருமுவதில்லை. "ஏய் சொல்லு, குடத்த நகத்து" என்கிறார்கள். "சொல்லு வந்தாச்சி, வழி விடுங்கலே" என்கிறார்கள். எந்த அகராதியிலும் அது வசவு கிடையாது. யாரிடம் போய்ச் சொல்ல?

சாமியார் கேள்வி கேட்கிற நாள் வந்தது. மொக்கையன் முந்தின நாளே போடியிலிருந்து வந்து லயத்தில் இருந்தான். பூமாரியின் முறை வந்தபோது சாமியார் மலையாளத்தில் கேட்டார்: நற்கருணையில் நாம் யாரை வாங்குகிறோம்?

பக்கத்திலிருந்த சிஸ்டர் குனிந்து, தேன் போல, "சொல்லு மோளே" என்றார்.

பூமாரி வாயைத் திறக்கவில்லை.

"சொல்லு. நினக்கு அறியாமல்லோ. சொல்லு." உனக்குத்தான் தெரியுமே என்று கெஞ்சினார்.

உதடு இறுகியே இருந்தது. ஆனால் இந்தத் தடவை கண் தரையைத் தேடவில்லை. நேராகச் சிஸ்டரைப் பார்த்தது. பவுல்ராஜால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்து, "சிஸ்டர், மத்தப் பிள்ளைகளுக்குக் கேட்டாப்புல பறன்னே கேளுங்க சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் பதறினார். "அய்யோ, வேண்டா பவுலே! அது தெற்றல்லே? பவுலல்லே எனிக்கு மனசிலாக்கித் தந்நது?" அது தப்பில்லையா, நீங்கள்தானே எனக்கு விளங்க வைத்தீர்கள் என்று கேட்டார்.

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "குட்டி படிச்சிட்டில்ல. அடுத்த கொல்லம் ஆகட்டே" என்று, இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். சிஸ்டர் பூமாரியின் கன்னத்தைத் தடவி, "பாவம்" என்றார். மலையாளத்தில் அதற்கு 'ஐயோ, எளியவள்' என்று மட்டும்தான் பொருள். தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, கோவிலில் அதிகமாகப் புழங்குகிற பொருள். பவுல்ராஜ் அதை யாருக்கும் விளக்கவில்லை.

தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அப்பனும் மகளும் நடந்தார்கள்.

"சிஸ்டருக்கு நல்ல மனசு தாயி" என்றார் பவுல்ராஜ்.

"தெரியும்ப்பா."

"ஒன்ன நோகடிக்கக் கூடாதுன்னுதான் அவிய..."

"தெரியும்ப்பா. எல்லாம் வெளங்குது. முந்தி அவிய பாதிதான் சொன்னாவ, மீதிய அவனுவ இருமணும். இப்ப அவியளே முழுசாச் சொல்லிருதாவ."

அவள் முன்னால் போனாள்.

லயத்து வாசலில் குருவம்மாள் நின்றாள். பின்னால் மொக்கையன் வெற்றிலையை மென்றுகொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். உள்ளே கொடியில் வெள்ளைக் கவுன் தொங்கியது வெளியிலிருந்தே தெரிந்தது.

"என்னட்டி, எல்லாத்துக்கும் சொன்னியா?" என்றாள் குருவம்மாள்.

பவுல்ராஜ் முந்திக்கொண்டு எதையோ விளக்க வாயெடுத்தார். அதற்குள் பூமாரி, மாமன் காதிலும் விழும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"இல்லம்மா. நான் ஒண்ணும் பறயல."